பத்தொன்பது

ஜூன் 3
காலை 5.40-க்கு மகன் பிறந்தான். என் தம்பியைப்போல் இவனுக்கும் ரத்தம் எளிதில் உறையாத நோய் இருக்கலாம் என்பதால், தலையைப் பிடித்து இழுக்க ஆயுதமும் வேண்டாம், உறிஞ்சுகருவியும் வேண்டாம் என்று நான் மூன்று மாதங்களாகச் சொல்லிவந்ததை யாரும் மறக்கவில்லை. அவனும் தானாகவே வந்துவிட்டான். தொப்புள்கொடியில் எடுத்த ரத்தம் ஆய்வகத்துக்குப் போயிருக்கிறது. வைட்டமின் கே-யை இப்போதைக்கு ஊசியாக அல்லாமல் வாய்வழிச் சொட்டாகக் கொடுத்தார்கள்.

ஜூன் 4
குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். பஞ்சை நானே ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்திருந்தேன். எடுத்தபோது கடுகளவு சிவப்பு இருந்தது. எல்லாக் குழந்தைகளுக்கும் அவ்வளவுதான் இருக்குமா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

ஜூன் 5
ரத்தம் உறைய உதவும் புரதங்களில் ஒன்றான ஒன்பதாம் உறைகாரணி 19 விழுக்காடு.
இந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மருத்துவருக்கே தெளிவாகச் சொல்ல முடியவில்லை. அது அவருடைய குறையன்று. இன்னொரு உறைகாரணியான எட்டாம் காரணி என்றால் பிறந்த அன்றே பெரியவர்களின் அளவில் இருக்குமாம், குறைந்தால் குறைந்ததுதான். ஒன்பதாம் காரணியோ வைட்டமின் கே-யின் துணையோடு கல்லீரலில் உருவாவது. பச்சிளம் குழந்தையின் கல்லீரல் இன்னும் முதிராததால், நலமாகப் பிறந்த குழந்தைக்கே அது ஏறக்குறைய 50 தான் இருக்கும், சிலருக்கு 15 வரைகூட இறங்கும். ஆகவே 19 என்பது வெறும் இளமையாகவும் இருக்கலாம், இந்தக் காரணி குறைவதால் வரும் தம்பியின் நோயான ஹீமோபிலியா 'பி'-யின் லேசான வகையாகவும் இருக்கலாம். தம்பிக்கு 16. கர்ப்பத்தில் பார்த்தபோது எனக்கு 41. ஆறு மாதம் கழித்து மீண்டும் பார்க்கலாம் என்றார். ஆறு மாதம் என்பதற்குள் அவன் குப்புற விழுந்து, தவழத் தொடங்கியிருப்பான்.

ஜூன் 6
பஞ்சை இன்னும் எறியவில்லை.

ஜூன் 8
தம்பி பேசினான். "அக்கா, என்னாலயா?" என்று கேட்டான். இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அவன் நம்புவதில்லை. அம்மாவின் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று அவனுக்கு வந்தது, அதுவே எனக்கும் வந்தது, என்னிடமிருந்து பிள்ளைக்குப் போயிருக்கவோ போகாமலிருக்கவோ சரிபாதி வாய்ப்பு. ஒன்பது வயதில் பல் பிடுங்கிய பிறகு மூன்று நாள் ரத்தம் நிற்காமல் அவன் கிடந்ததையும், அம்மா கிண்ணத்தை ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும் நான் கதவோரம் நின்று பார்த்தேன். அம்மாவுக்கு ஒரு நாளும் அப்படி ரத்தம் வழிந்ததில்லை. எனக்கும் இல்லை.

ஜூன் 11
இரவு இரண்டு முறை பால் கக்கினான். உச்சிக்குழி சற்று உப்பியிருப்பதாக எனக்குத் தோன்றியது. அழுதுகொண்டிருந்த குழந்தைக்கு அப்படித்தான் இருக்கும் என்பது தெரிந்தும் ஓடினோம். லேசான வகையில் தலைக்குள் ரத்தம் கசிவது மிக அரிது, ஆனால் அரிது என்ற சொல் அதிகாலை மூன்று மணிக்கு ஒன்றுக்கும் உதவுவதில்லை. உச்சிக்குழி வழியாக ஸ்கேன் பார்த்தார்கள். கசிவு எதுவும் இல்லை. வீடு திரும்பி அவன் தூங்கினான், நான் அவனுடைய தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 17
ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம் என்று ஒரு வழி சொல்கிறார்கள். தம்பியின் மரபணுவில் பிழை எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுவிட்டால், அதே இடத்தைக் குழந்தையிடம் பார்த்தால் போதும். மரபணுவுக்கு முதிர்ச்சி, முதிராமை என்பது கிடையாது. இத்தனை ஆண்டுகளில் யாரும் அவனுக்கு அதைச் செய்யவில்லை. தம்பி இன்றே ரத்தம் கொடுத்துவிட்டான்.
இந்நோய்க்குக் கிறிஸ்துமஸ் நோய் என்றொரு பெயரும் உண்டு. 1952-இல் ஸ்டீபன் கிறிஸ்துமஸ் என்ற சிறுவனிடம் முதலில் விவரிக்கப்பட்டதால் வந்த பெயர். அவர் 1993-இல் இறந்தார், ஏற்றிய ரத்தத்தின் வழி வந்த எய்ட்ஸால். அதைப் படித்திருக்க வேண்டாம்.

ஜூன் 18
19. 16. 41.

ஜூன் 26
தடுப்பூசியை மெல்லிய ஊசியால் போட்டு, தேய்க்காமல் பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொன்னார்கள். பன்னிரண்டு நிமிடம் பிடித்தேன். வீக்கம் இல்லை. தம்பியின் முடிவு இன்னும் வரவில்லை.

ஜூன் 27
இடது தொடையில், ஊசி போட்ட இடத்துக்குச் சற்றுக் கீழே, நகத்தளவு நீலமாக இருக்கிறது. விளக்கின் நிழலாக இருக்குமோ என்று அவனைச் சன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். விளிம்பில் பேனாவால் கோடு வரைந்திருக்கிறேன். ஒரு மணிநேரம் கழித்துப் பார்க்க வேண்டும்.