உங்கட விருப்பம், ஐயா

கம்பிரசர் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு சொன்ன அந்த மூன்று சொல்தான் இன்னும் உறுத்துகிறது.

கொழும்பு பஞ்சிகாவத்தையில், டயர் கடையில் வேலை. ஹட்டன் வழியாக நுவரெலியா போக ஆயத்தமான ஒற்றை அச்சுக் கரவன் ஒன்று, ஜீப்பின் பின்னால் இழுத்துப் போகிற வீட்டு வண்டி, வந்தது. இரண்டு சில்லிலும் 185ஆர்14சி, 8 பிளை என்ற வான் டயர். தரையில் படுகிற தவாளிப்பு புதுசு மாதிரி. "தேயவே இல்லையே தம்பி, ஏன் மாத்தச் சொல்றீங்க?" என்றார் வண்டிக்காரர்.

நியாயமான கேள்விதான். வருஷத்தில் பத்துப் பதினைந்து நாள் ஓடுகிற வண்டியில் தவாளிப்பு எப்படித் தேயும்? டயர் உருண்டு மடியும்போதுதான் இறப்பரில் கலந்திருக்கும் மெழுகு நன்றாக மேலே கசிந்து, இறப்பரை வெடிக்கவைக்கும் ஓசோனைத் தடுக்கும். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் வெயிலில் நிற்கிற டயருக்கு அந்தக் காப்பு குறைவு. டயர் செய்த வாரத்தையும் ஆண்டையும் காட்டுகிற முழுத் திகதி எண் பெரும்பாலும் ஒரு பக்கச் சுவரில் மட்டும்தான் இருக்கும். இதில் அது உள்பக்கம். சாக்கை விரித்துக் கீழே படுத்து, ஈரத்துணியால் துடைத்து, டோர்ச் அடித்தால் 3214. 2014ஆம் ஆண்டின் 32ஆவது வாரம். அந்த வருஷ ஓகஸ்டோடு பத்து வயது.

வயதைச் சொன்னேன். முகம் மாறவில்லை. கேஜ் வைத்தால் காற்று 36 பி.எஸ்.ஐ. இழுக்கிற ஜீப்புக்கு அடிக்கிற அளவையே இதற்கும் அடித்திருக்கிறார். இந்த டயரில் இருக்கிற 102 என்ற சுமை எண்ணுக்கு, ஒரு டயர் 850 கிலோ தாங்கும் என்று அர்த்தம். ஆனால் அது 65 பி.எஸ்.ஐ இருக்கும்போதுதான். 36இல் அந்தக் கணக்கு நிற்காது, சுவர் மடிந்து மடிந்து சூடேறும். முழுச் சாமானோடு 1,400 கிலோ என்றார். 100 லீட்டர் தண்ணீர்த் தாங்கி அதில் சேர்த்தியா என்று நான் கேட்கவில்லை.

"கழற்றி உள்ளே ஒருக்காப் பாப்பம்" என்றேன். "நேரமில்லை தம்பி, காத்த மட்டும் அடிச்சு விடுங்கோ." அப்போதுதான் அந்த "உங்கட விருப்பம், ஐயா."

மரியாதைக்குச் சொன்னது. கேட்டவர் காதில் 'ஓடலாம்' என்றுதான் விழுந்திருக்கும்.

லொறி டயரென்றால் விதி தெளிவு: சொன்ன அழுத்தத்தில் 80 சதவீதத்துக்குக் கீழே ஓடியிருந்தால், கழற்றி உள்ளே பார்க்காமல் காற்றடிக்கக் கூடாது. 65க்கு அது 52. இது 36. உள்ளே இறப்பர்த் தூள் கொட்டியிருந்தாலோ, உட்சுவர் சுருங்கிக் கறுத்திருந்தாலோ அந்த டயர் முடிந்தது. இது வான் டயர், லொறி விதி இதற்கில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். டயருக்குள் இருக்கிற கம்பிகளுக்கு அந்த வித்தியாசம் தெரியுமா? வெளியே வீக்கமில்லை, ஆழமான வெடிப்பும் இல்லை. வேறு எந்தக் கடையிலும் 65 அடித்து அனுப்பித்தான் இருப்பார்கள். அதுவும் உண்மை.

வால்வுதான் கூடுதலாக அரிக்கிறது. விரலால் வளைத்தபோது அடியில் மயிரிழை மாதிரி வெடிப்பு. சாதாரண இறப்பர் வால்வுக்கு 65தான் எல்லை. இது எல்லையிலேயே நிற்கப் போகிறது. உலோக வால்வு போட வேண்டுமென்றால் டயரை றிம்மிலிருந்து விடுவித்தே ஆக வேண்டும், உள்ளேயும் பார்த்திருக்கலாம். அதைச் சாட்டாக வைத்தாவது கழற்றியிருக்கலாம். அவர் அவசரப்பட்டார் என்கிறேன். பின்னால் இரண்டு வண்டி காத்து நின்றது, நானும் அவசரத்தில்தான் இருந்தேன்.

போகும்போது சொன்னேன்: அவிசாவளையில் நிறுத்தி இரண்டு டயரையும் சில்லின் நடுவையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், ஒன்று மட்டும் சுட்டால் மலை ஏற வேண்டாம். சூட்டில் கேஜ் 70ஐத் தாண்டிக் காட்டினாலும் காற்றைத் திறந்துவிடாதீர்கள்; ஆறியபின் குறைந்து போகும். தலையாட்டினார்.

பிறகு வரவில்லை. நல்லபடி போனதால் இருக்கலாம், வேறு கடைக்குப் போயிருக்கலாம். சொன்னேன்தானே என்று மனதை ஆற்றப் பார்த்து, ஒரு நாள் பில் புத்தகத்தைப் புரட்டினேன். கார்பன் பிரதியில் என் கையெழுத்தில் 'காத்து 65, இரண்டு சில்லு' என்று மட்டும் இருக்கிறது. 3214 இல்லை, வால்வும் இல்லை.