வியாழக்கிழமை மாலை

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நான் இருக்கும் ஆன் ஆர்பர் ஊரில் வியாழன் மாலை என்றால் எனக்கு மிச்சிகன் தியேட்டர்தான். 1928-இல் திறந்த அரங்கு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பென்னி ஸ்டாம்ப்ஸ் உரைத் தொடர், கலைஞர்களும் வடிவமைப்பாளர்களும் வந்து பேசுவது, அங்கேதான் நடக்கிறது. டிக்கெட் கிடையாது, யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். நேற்று பக்கத்து இருக்கையில் ஒரு பாட்டி, எழுபத்தைந்து வயதிருக்கும், மடியில் நோட்டை வைத்துக்கொண்டு கடைசி வரை குறிப்பெடுத்தார். இருட்டிலும் பென்சில் உரசும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த ஆர்வத்தைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அப்புறம் கச்சேரிகளுக்கு அதே பல்கலைக்கழகத்தின் ஹில் அரங்கம். 1913-இல் திறந்தது, சுமார் 3,500 இருக்கைகள். மைக் இல்லாமல் வாசிக்கும் வயலின் மேல்மாடிக் கடைசி வரிசை வரை தெளிவாக வரும். நான் எப்போதும் அந்த வரிசைதான்!

பல்கலைக்கழக இசைப் பள்ளி மாணவர்களின் கச்சேரிகள் பெரும்பாலும் இலவசம். இந்த ஊரில் இருக்கும் நண்பர்களே, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.