சிறையறையில் சொல்லப்பட்ட படம்: என் ஆய்வேடு கரையேறிய விதம்

மத்ரித்தில் முதுகலை ஆய்வேட்டுக்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பு, ஸ்பானிய மொழி இலக்கியத்தில் சினிமாவின் தாக்கம். அது கடல் என்பது அப்போது உறைக்கவில்லை. கதையொன்றில் இறந்த நடிகனைத் திரையிலிருந்து ஆவியாக இறங்கி வரவைத்த ஒராசியோ கிரோகா, ஊமைப்பட நகைச்சுவை நடிகர்களைப் பாடிய ரஃபாயேல் அல்பெர்த்தி, 1930களில் பட விமர்சனம் எழுதிய போர்ஹெஸ் என்று கிடைத்த எழுத்தாளர்கள் எல்லாரையும் முதல் வரைவில் திரட்டி வைத்திருந்தேன்.

என் நெறியாளர் இந்தத் துறையிலேயே வாழ்நாளைச் செலவிட்ட பேராசிரியர். வரைவின் ஓரத்தில் பென்சிலால் ஒரே வரி எழுதித் திருப்பித் தந்தார்: "இவர்கள் படம் பார்த்தார்கள், சரி. வாக்கியத்துக்கு என்ன ஆயிற்று?"

இரண்டு மாத உழைப்பு அந்த ஒரு வரியில் சரிந்தது. ஆனால் கேள்வி நியாயமானது. ஒரு நாவல், ஒரு படம் போதும் என்றார்.

மனுவேல் புய்க்கைத் தேர்ந்தெடுத்தேன். 1932இல் அர்ஜென்டினாவின் பாம்பாஸ் சமவெளியில் ஹெனெரால் வில்யேகாஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். சிறுவயதில் அம்மாவோடு கொட்டகையே கதியென்று கிடந்தவர். ரோமில் திரைப்படக் கல்லூரிக்கும் போனார். திரைக்கதை எழுத உட்கார்ந்தபோது அத்தையின் குரல் நிற்காமல் முப்பது பக்கம் ஓடியது, நாவலாசிரியரானது அப்படித்தான். 1976இல் வந்த அவருடைய 'சிலந்திப் பெண்ணின் முத்தம்' நாவலில், புவெனோஸ் அய்ரெஸ் சிறையறை ஒன்றில் மோலினா என்ற கைதி தான் பார்த்த படங்களை, கூட அடைபட்டிருக்கும் அரசியல் கைதி வலெந்தினுக்குச் சொல்கிறான். பெரும்பாலும் உரையாடல்தான், கதைசொல்லி என்று தனியாக யாரும் குறுக்கிடுவதில்லை.

மோலினா முதலில் சொல்வது, ஜாக் தூர்னர் இயக்கி 1942இல் வந்த 'கேட் பீப்பிள்'. எழுபத்து மூன்று நிமிடப் படம். நோட்டில் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் படத்தையும் வலப்பக்கம் மோலினா சொல்வதையும் எழுதினேன். ஒவ்வொரு காட்சியிலும் நிறுத்தி நிறுத்திப் பார்த்ததில் பல இரவுகள் போயின. படத்தில் நாயகி செர்பியாவிலிருந்து வந்தவள். மோலினா அவளை டிரான்சில்வேனியாக்காரி ஆக்கிவிடுகிறான். கப்பல் வடிவமைக்கும் நாயகன் இங்கே கட்டடக் கலைஞன். அவனுடைய அம்மா படத்தில் வருவதே இல்லை. ஆனால் அவள் எப்படி இருப்பாள் என்ற பேச்சு எழ, மோலினா மாசுமருவற்ற ஒரு சீமாட்டியை உருவாக்குகிறான். வேலைக்காரர்களின் உழைப்பில் வாழ்பவள் அவள் என்று வலெந்தின் உடனே கணக்குத் தீர்க்கிறான். அந்தப் பக்கத்தில் வெகுநேரம் நின்றுவிட்டேன். சினிமா புய்க்குக் கொடுத்தது கேமராவின் கண் மட்டுமல்ல. படம் பார்த்துவிட்டு வந்து இன்னொருவரிடம் சொல்லும் வாய். அவருடைய வாக்கியத்துக்கு நேர்ந்தது அதுதான். நெறியாளரிடம் நோட்டைக் காட்டியபோது, "இப்போது எழுதுங்கள்" என்றார்.

வாய்மொழித் தேர்வில் மூன்று பேர். ஒருவர் கேட்டார்: "இந்த மாற்றங்களெல்லாம் புய்க்கின் வெறும் ஞாபகப் பிசகாக இருந்தால்?" தொண்டை வறண்டது. நாயகியின் ஊர் வேண்டுமானால் பிசகாக இருக்கலாம், அந்த அம்மா அப்படியல்ல. கேட்பவன் ஒருவன் எதிரே இருப்பதால்தான் அவள் பிறந்தாள் என்றேன். அவர் தலையாட்டி, அதை ஆய்வேட்டிலும் சேர்க்கச் சொன்னார். இரண்டு பக்கம் கூடுதலாக எழுதி, அடுத்த வாரம் ஒப்படைத்தேன்.