அறுபது நாள் கணக்கு

வக்கீல் தொழிலுக்கு வந்த புதிதில் நான் எழுதிய ஜாமீன் மனுக்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. மனுதாரர் நிரபராதி, வழக்கில் பொய்யாகச் சேர்க்கப்பட்டவர், எந்த நிபந்தனைக்கும் கட்டுப்படுவார். பெயரையும் குற்ற எண்ணையும் மாற்றினால் அடுத்த மனு தயார். கைதான இரண்டாவது வாரத்தில் போடும் மனுவுக்கு அது ஓரளவு ஓடும். கோர்ட்டில் சாட்சி விசாரணை நடந்துகொண்டிருக்கும்போது போடும் மனு வேறு என்பதை ஒரு மோசடி வழக்கில்தான் கற்றுக்கொண்டேன்.

அரசு வேலை வாங்கித் தருவதாகப் பணம் வாங்கி, கோபுர முத்திரை போட்ட போலி பணி நியமன ஆணை கொடுத்த வழக்கு அது. மூன்று பேர் மீது குற்றப்பத்திரிகை. குற்றம் சாட்டப்பட்டவரைக் கோர்ட் பாஷையில் எதிரி என்போம். பணத்தை வாங்கிய முதல் எதிரி உயர் நீதிமன்றம் போய், ஒரு தொகையைக் கட்டி, சீக்கிரமே வெளியே வந்துவிட்டார். ஆணைகளை டைப் செய்து கொடுத்த மூன்றாம் எதிரி ஒரு டி.டி.பி. கடை ஊழியர். அவர் புழல் சிறையிலேயே கிடந்தார். இலவச சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் அவருடைய வழக்கு என் சீனியரிடம் வந்தது.

நான் வழக்கம்போல எழுதிக் கொண்டுபோனேன். சீனியர் முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டார். "நிரபராதியா இல்லையான்னு ட்ரையல்ல பார்த்துக்கலாம். நீ போய்த் தேதி எடுத்துட்டு வா" என்றார்.

அவர் மனதில் இருந்தது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 437(6) பிரிவு. இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 480(6). மாஜிஸ்திரேட் விசாரிக்கிற, ஜாமீனில் விடத் தகாத குற்ற வழக்கில், சாட்சியம் பதிவு செய்யக் குறித்த முதல் தேதியிலிருந்து 60 நாளைக்குள் விசாரணை முடியாமல், அந்தக் காலம் முழுவதும் எதிரி காவலிலேயே இருந்தால், அவரை ஜாமீனில் விட வேண்டும். விட முடியாதென்றால் மாஜிஸ்திரேட் அதற்குக் காரணம் எழுத வேண்டும். சாட்சி வந்த நாளிலிருந்து இல்லை, குறித்த நாளிலிருந்தே கணக்கு.

நகல் மனு போட்டு, வாய்தா வாய்தாவாக உட்கார்ந்து எழுதினேன். சாட்சி வரவில்லை. சம்மன் சார்வாகவில்லை, அதாவது உரியவர் கைக்குப் போய்ச் சேரவில்லை. சிறையிலிருந்து கூட்டிவர எஸ்கார்ட் போலீஸ் இல்லாததால் எதிரி ஆஜர்படுத்தப்படவில்லை. முதல் எதிரி தரப்பு அவகாசம் கேட்டது. நடுவே ஒரு தேதியில் எங்கள் கட்சிக்காரரின் முந்தைய வக்கீலும் அவகாசம் கேட்டிருந்தார். அந்த வரியை நான் விட்டுவிட்டேன். சீனியர் வழக்குக் கட்டைப் புரட்டிப் பார்த்து, சிவப்பு மையில் அதைத் திரும்பச் சேர்த்தார். "அரசு வக்கீல் எடுத்துக் காட்டறதுக்கு முன்னாடி நாமளே சொல்லிடணும்." இன்றுவரை நான் அப்படித்தான் எழுதுகிறேன்.

வாதத்தன்று மேஜையில் இரண்டு தீர்ப்புகள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. எங்களுடையது 2011-ல் 2ஜி வழக்கில் வந்த சஞ்சய் சந்திரா தீர்ப்பு. ஜாமீன் என்பது எதிரி விசாரணைக்கு வந்து நிற்பதை உறுதி செய்யத்தான், முன்கூட்டியே தண்டிப்பதற்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது அதில்தான். அரசுத் தரப்பு வைத்தது 2013-ன் ஜெகன்மோகன் ரெட்டி தீர்ப்பு. பொருளாதாரக் குற்றங்கள் தனி வகை, ஜாமீன் விஷயத்தில் அவற்றை வேறு கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். இரண்டும் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான். எது எந்த வழக்குக்குப் பொருந்தும் என்பதை அந்த வழக்கின் தேதிகளும், எதிரி செய்த வேலையும்தான் காட்டும் என்று நம்புகிறேன்.

அப்புறம் பணப் பேச்சு வந்தது. முதல் எதிரி கட்டியதுபோல இவரும் கட்டினால் ஆட்சேபம் இல்லை என்றார்கள். மோசடி வழக்கில் இது அடிக்கடி நடக்கும். ஏமாற்றப்பட்ட பணத்தைக் கட்டச் சொல்லி ஜாமீனுக்கு நிபந்தனை போடும் போக்கை 2023-ல் ரமேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. குற்றவியல் நீதிமன்றம் பணம் வசூலித்துத் தரும் இடம் இல்லை என்பது அதன் நிலைப்பாடு. பணத்தை இழந்தவர்களின் கோபம் எனக்கும் புரியும். ஆனால் ஜாமீனுக்குப் பணம்தான் வழி என்றால், ஊரார் பணம் யார் கையில் சேர்ந்ததோ அவர்தான் முதலில் வெளியே வருவார். எங்கள் வழக்கில் அதுதான் நடந்திருந்தது.

அன்று வராந்தாவில் ஒரு அம்மா நின்றிருந்தார். மகனுக்கு வேலை என்று நம்பி நகையை விற்றுப் பணம் கொடுத்தவர். வாய்தா தவறாமல் திருவண்ணாமலையிலிருந்து பஸ் பிடித்து வருவார். என் கோட்டைப் பார்த்துக் கேட்டார்: "அவனை விட்டுட்டா கேஸ் முடிஞ்சுபோச்சா தம்பி?"

ஜாமீனை விடுதலை என்றே அவர் நினைத்திருந்தார். நான் எதிரி தரப்பு வக்கீல், அவர் அரசுத் தரப்பு சாட்சி. தனியாக நின்று வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது. "இல்லம்மா, அரசு வக்கீலைக் கேளுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, அரசு வக்கீலிடமும் போய்ச் சொன்னேன். அவர் அந்த அம்மாவை அழைத்து உட்காரவைத்து விளக்கினார். அத்தனை மாதத்தில் அந்த அம்மாவுக்கு யாருமே இதைச் சொல்லவில்லை. தீர்ப்பு எப்போது வரும் என்று தெரியாதவருக்குக் கண்ணெதிரே வரும் ஒரே உத்தரவு ஜாமீன் உத்தரவுதான். அதையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டு அவர் பதறியதில் என்ன தவறு?

இரண்டு ஜாமீன்தாரர்களோடு ஜாமீன் கிடைத்தது. மாஜிஸ்திரேட் அதோடு நிறுத்தவில்லை. மீதிச் சாட்சிகளுக்கு உடனே சம்மன் சார்வு செய்யச் சொல்லி, அடுத்த தேதியைப் பக்கத்திலேயே போட்டார். எங்கள் ஆள் அந்தத் தேதிக்குப் பத்து மணிக்கே வந்து வராந்தாவில் நின்றார்.

அந்த அம்மா கூண்டில் ஏறினார். இத்தனை நாளும் அவர் மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு அலைந்தது ஜெராக்ஸ். அசல் ஆணையை வழக்குக் கட்டிலிருந்து எடுத்து, இதுதானா என்று கேட்டார்கள். கையில் வாங்கி, மகன் பெயர் இருந்த வரியை விரலால் தொட்டு, "இதுதாங்க" என்றார். முதல் விசாரணை, குறுக்கு விசாரணை எல்லாம் சேர்த்து இருபது நிமிடம். படியில் இறங்கும்போது, அசலைத் திருப்பித் தருவார்களா என்று கோர்ட் டவாலியிடம் கேட்டுக்கொண்டே போனார்.