சிறு தொகுதியாகக் கையால் கட்டும் போர்டுகளின் அடக்கவிலை

வெப்பநிலையைப் பதிவு செய்யும் சிறிய சர்க்யூட் போர்டின் இரண்டாம் தொகுதியைக் கட்டி முடித்திருக்கிறேன். முதல் தொகுதியில் ஒவ்வொரு போர்டையும் தொடக்கம் முதல் முடிவு வரை தனித்தனியாகக் கட்டினேன். இம்முறை ஒரே வேலையை எல்லாப் போர்டுகளுக்கும் சேர்த்துச் செய்து, ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் நேரத்தையும் குறித்துக்கொண்டேன். உதிரிபாகங்களின் விலையைவிட, கட்டுவதற்குச் செலவாகும் நிமிடங்களே அடக்கவிலையைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என்பதை அந்தக் குறிப்புகள் காட்டின.

சால்டர் பேஸ்டை (பாகங்களைப் பற்றவைக்கும் உலோகப் பசையை) உரிய இடங்களில் மட்டும் பூச உதவும் துளைத் தகடான ஸ்டென்சிலைப் பொருத்துவதும் பாகங்களை எடுத்து அடுக்குவதும் பத்து போர்டுக்கும் ஐம்பது போர்டுக்கும் ஏறத்தாழ ஒரே நேரத்தைக் கேட்பவை. இத்தகைய ஆயத்தங்களுக்கு 5 மணி நேரம் ஆவதாக வைத்துக்கொண்டால், பத்து போர்டுகளில் ஒவ்வொன்றின் மீதும் 30 நிமிடம் ஏறும். ஐம்பதில் 6 நிமிடமே ஏறும்.

ஆயத்த நேரத்தைக் கூட்டுவது பாகங்களின் எண்ணிக்கையைவிட அவற்றின் வகைகளே. ஒரு ரெசிஸ்டரை (மின்தடையை) வைக்கச் சில நொடிகள் போதும். ஆனால் புதிய மதிப்புள்ள ரெசிஸ்டர் ஒவ்வொன்றுக்கும் ஆர்டரில் தனி வரி, தனிப் பை, தனி டேப் துண்டு வேண்டும், இடம் மாற்றி வைத்துவிடும் வாய்ப்பும் கூடுகிறது. ஆகவே ரீசெட் முனையின் புல்-அப் (இணைப்பு இல்லாதபோது முனையை உயர் மின்னழுத்தத்தில் நிறுத்தும் ரெசிஸ்டர்), பட்டனின் புல்-அப் என 10 கிலோ ஓம் போதுமான இடங்களிலெல்லாம் அதையே வைத்தேன். 5 கிலோ ஓம் வேண்டிய ஓரிடத்தில் இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைப் பக்க இணைப்பில் பொருத்தினேன். பாகம் ஒன்று கூடினாலும் வகை ஒன்று குறைந்தது. ஒரே மதிப்பை நூற்றுக்கணக்கில் வாங்கியதால் விலையும் இறங்கியது.

சால்டர் பேஸ்டைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலும் சில மாதங்களில் அதன் பதம் கெட்டுவிடும். அதனால் பயன்படுத்திய அளவின் விலையை மட்டும் எழுதாமல், முழுக் குப்பியின் விலையையும் இத்தொகுதியின் கணக்கிலேயே எழுதினேன். சிறு தொகுதிக்கு இதுவே நேர்மையான கணக்கு என்பது என் கருத்து.

ஸ்பிரிங் ஊசிகள் பதித்த சோதனைத் தட்டு ஒன்றையும் செய்தேன். போர்டை அதன்மேல் அழுத்தினால் ஃபர்ம்வேர் (போர்டை இயக்கும் நிரல்) ஏறுவதும் மின்னழுத்தச் சோதனையும் ஒருசேர முடிந்துவிடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் கம்பி செருகிச் சோதித்த நிலையை எண்ணினால், இத்தட்டுக்குச் செலவிட்ட உழைப்பு முழுதும் தகும்.

அடுத்த தொகுதியில் சிறு பாகங்களை மட்டும் தொழிற்சாலையில் பொருத்தச் சொல்லி, கனெக்டர்களை நானே சால்டர் செய்ய எண்ணுகிறேன். அங்கும் பாகங்களை இயந்திரத்துக்கு ஊட்டும் ஃபீடரில் ஏற்றுவதற்கு வகைக்கு இவ்வளவு என்று கட்டணம் கேட்பது வழக்கம் என்பதால், விலைப்புள்ளி கேட்கும் முன் கெபாசிட்டர் மதிப்புகளையும் குறைத்துவிட வேண்டும்.