விளக்கு விட்டுப் பார்த்தவன்

மே 4
தம்பிக்கு ஆக்ஸிஜன் மாஸ்க் இன்னும் எடுக்கவில்லை. கண் திறந்ததும் கையாலேயே சித்தப்பாவைக் கேட்டான். அடுத்த வார்டில்தான் இருக்கிறார், கஞ்சி இறங்குகிறது என்றேன்.

மே 5
பார்க்க வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே பேச்சு. "மிலிட்டரிக்காரன், யோசிக்காம எறங்கீட்டான்." கேட்கக் கேட்கப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் கிணற்று மேட்டில் நின்று பார்த்தவள். தூர் வார இறங்கிய சித்தப்பா உள்ளே சரிந்ததும், யோசிக்காமல் இறங்கப் போனது அவர் மகன். தம்பிதான் அவனை இழுத்துத் தள்ளி, "ஒருத்தரும் எறங்கப்படாது" என்று கத்தினான். அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி விட்டான். அடிக்குப் போகும் முன்பே அணைந்துவிட்டது. பாழ்கிணற்றில் கரியமில வாயு அடியிலேயே தேங்கி நிற்கும், காற்றைவிடக் கனம். காப்பாற்ற இறங்குகிறவனும் விழுந்தவன் மேலேயே விழுவான். எத்தனை ஊர்ச் செய்தி படித்திருக்கிறோம். பக்கத்துக் காட்டில் போர் போட வந்த திருச்செங்கோட்டு ரிக் வண்டி நின்றது எங்கள் புண்ணியம். கம்ப்ரசர் ஹோஸை உள்ளே விட்டுக் காற்றடித்தார்கள். சித்தி மண்ணில் புரள்கிறாள், இவன் இடுப்பில் கயிற்றோடு, விளக்கையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். அப்படி நிற்க எவ்வளவு தைரியம் வேண்டும்! மறுபடி விட்ட விளக்கு எரிந்தது. அப்புறம்தான் இறங்கினான்.

சித்தப்பாவைக் கட்டி முதலில் மேலே அனுப்பினான். இவன் சேற்றில் நின்றான். மிதிபட்ட சேற்றிலிருந்து வாயு கிளம்பியிருக்கும் என்கிறார் டாக்டர்.

மே 6
தம்பியின் லீவு 12ஆம் தேதி முடிகிறது.

மே 8
வி.ஏ.ஓ. வந்தார். ஜீவன் ரக்ஷா பதக்கத்துக்கு எழுதலாம் என்கிறார். உயிரைக் காப்பாற்றியவர்களுக்கு மத்திய அரசு 1961இலிருந்து கொடுக்கிறது. பட்டாளத்துக்காரர் பணியில் இல்லாதபோது காப்பாற்றினால் அவருக்கும் உண்டு. அம்மா, "எம்பையன் மூச்சு விட்டாப் போதுஞ் சாமி" என்று எழுந்து போய்விட்டாள். எனக்கு எழுத ஆசைதான். எழுதினால் விளக்கு விட்டதையும் சேர்த்து எழுத வேண்டும்.

மே 9
மாஸ்க் எடுத்தாச்சு! இரண்டு இட்லி சாப்பிட்டான். "பயந்துட்டியாக்கா?" என்றான். பேச்சு வந்ததும் கேரளத்து மலம்புழைக் கதை. 2022 பிப்ரவரியில் குரும்பாச்சி மலையில் சிக்கிய பையனுக்கு குன்னூர் வெலிங்டனிலிருந்து போன பட்டாளத்துக்காரர்கள் ராத்திரியே குரல் கொடுத்துத் தைரியம் சொல்லி, காலையில்தான் தண்ணீர் கொடுத்துக் கயிறு கட்டி மேலே ஏற்றினார்கள். அந்த ராத்திரியைப் பற்றித்தான் இவன் திரும்பத் திரும்பப் பேசுகிறான்.

மே 10
காய்ச்சல் 102. மறுபடியும் மாஸ்க்.

மே 11
எக்ஸ்ரேக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். சித்தப்பா நடந்தே வந்து அறை வாசலில் உட்கார்ந்திருக்கிறார், போகச் சொன்னாலும் போகமாட்டேன் என்கிறார். யூனிட்டுக்குப் போன் போட்டு சர்ட்டிபிகேட் அனுப்ப வேண்டும். ரிப்போர்ட் சாயங்காலம்.