அஞ்சு பேரு முயல்

ஒட்டன்சத்திரம் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் 19 வருடமாக ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். அதில் பெரும்பகுதி, கணக்கு என்றால் எனக்கு ஒப்பிப்பதுதான். ஜூனில் சேர்கிற பிள்ளை தீபாவளிக்குள் நூறு வரை சொல்லிவிட வேண்டும். சொல்லவும் செய்தார்கள்.

2022-இல், சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் சொல்லித்தர அரசு கொண்டுவந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. கொரோனாவால் அங்கன்வாடிப் பக்கமே போகாத பிள்ளைகள் வந்து சேர்ந்த வருடம். அப்போது ஒரு சிறுமி மூச்சு விடாமல் நூறு வரை சொல்வாள். ஒருநாள் அவளிடம், "டப்பாவுல இருந்து ஆறு சாக்பீஸ் எடுத்துட்டு வா சாமி" என்றேன். இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வந்தாள். எண்ணச் சொன்னதும் சரியாகத்தான் எண்ணினாள், பதினொன்றில் வந்து நின்றாள். "அப்போ எத்தனை இருக்கு?" என்றேன். மறுபடியும் ஒண்ணு, ரெண்டு என்று முதலிலிருந்து தொடங்கினாள். மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் அப்படியேதான்.

கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தத்தின் அளவு என்பது அவளுக்குத் தெரியவில்லை. ரோஷல் கெல்மன், காலிஸ்டல் என்ற உளவியலாளர்கள் எண்ணுவதற்குள் அடங்கியிருக்கும் ஐந்து விதிகளை 1978-லேயே பிரித்து எழுதியிருக்கிறார்கள். அவற்றில் ஒன்று இது. நான் அதுவரை சொல்லிக்கொடுத்தது எண்களை வரிசையாகச் சொல்வது என்ற ஒன்றை மட்டும்தான்.

வகுப்பில் படக்கதைப் புத்தகங்கள் கிடந்தன. கதை சொல்ல மட்டும் எடுப்பேன். அதை வைத்தே எண்ணலாமே என்று உட்கார்ந்தபோதுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. சாக்பீஸை எண்ணினால் எண்ணியதை ஒதுக்கி வைக்கலாம். படத்தில் இருக்கும் தவளையை நகர்த்த முடியாது. குளத்தைச் சுற்றி எட்டுத் தவளை உட்கார்ந்திருந்தால், எங்கே ஆரம்பித்தோம் என்பது மறந்து பிள்ளையின் விரல் குளத்தைச் சுற்றிக்கொண்டே போகும். பன்னிரண்டு, பதினைந்து, இருபது.

அதற்குத்தான் புளியங்கொட்டை. தவளைக்கு ஒன்றாகப் படத்தின் மேலேயே வைக்கச் சொன்னேன். சத்துணவில் ஆளுக்கு ஒரு முட்டை என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஒருவருக்கு விட்டுப்போனால் வகுப்பே கத்தும். அதனால் "எல்லாத் தவளைக்கும் கிடைச்சிருச்சா?" என்று கேட்டால் போதும், கண் பக்கத்தை ஒரு சுற்று சுற்றி வந்துவிடும். அப்புறம் கொட்டைகளை அள்ளிக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடுவேன். "உள்ளே எத்தனை தவளை?" சாக்பீஸ் கொண்டுவந்த அதே சிறுமி மூடின அட்டையைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். கையிலிருந்ததை எண்ணி, "எட்டு டீச்சர்" என்றாள். மறுபடி முதலிலிருந்து தொடங்கவில்லை. அந்த மதியம் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

எண்ணுவதற்கென்றே விற்கிற புத்தகங்களில் பல எனக்குப் பிடிப்பதில்லை. ஒரு பக்கத்தில் பெரிதாக 7, எதிரே ஏழு ஆப்பிள், அதுவும் வரிசை பிசகாமல். பிள்ளை எண்ணைப் பார்த்து "ஏழு" என்கிறது, ஆப்பிளை எண்ணுவதே இல்லை. அப்படிப்பட்ட புத்தகம்தான் வீட்டில் இருக்கிறது என்றால் அந்த எண்ணைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு காட்டுங்கள். சாதாரணக் கதைப் புத்தகம் இதைவிட மேல்.

அப்படி ஒரு கதைப் புத்தகத்தில் நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஐந்து முயல்கள் சட்டை போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்திருக்கின்றன. நடுவில் ஏழு கேரட். "எத்தனை முயல்?" என்றேன். ஒரு பையன் "அஞ்சு பேரு" என்றான். பக்கத்தில் இருந்தவள் விடவில்லை. "முயலு எல்லாம் பேரு இல்லடா, சும்மா அஞ்சுதான்." அவன், "சட்டை போட்டிருக்குல்ல!" என்றான். வகுப்பே இரண்டாகப் பிரிந்துவிட்டது. உயர்திணை, அஃறிணை என்று மேல் வகுப்பில் இலக்கணமாக வரப்போவதை ஐந்தரை வயதில் சண்டை போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் நிறுத்தவில்லை.

ஓய்ந்ததும், "சரி, முயலும் கேரட்டும் சேர்ந்து மொத்தம் எத்தனை?" என்றேன். சத்தமே இல்லை. அந்தப் பையன் என்னைப் பார்த்து, "எது மொத்தம் டீச்சர்?" என்றான்.

அவன் கேட்டது சரி. அஞ்சு பேரையும் ஏழு கேரட்டையும் கூட்டி வருவதற்கு என்ன பெயர்? நம் பேச்சே ஆளை ஒரு மாதிரி, பொருளை ஒரு மாதிரி எண்ணுகிறது. பிள்ளை அதைக் காதால் கேட்டே பழகியிருக்கிறது. ரெண்டையும் கூட்ட வேண்டுமானால் இரண்டுக்கும் பொதுவாக ஒரு பெயர் வேண்டும். பின்னாளில் அரையையும் காலையும் கூட்டத் திணறுகிற பிள்ளைகளுக்கும் சிக்கல் இதே இடத்தில்தான். நான் பதில் சொல்லாமல் கொட்டைகளை மட்டும் நீட்டினேன். எல்லாவற்றின் மேலும் வைத்து அள்ளினார்கள். சாக்பீஸ் சிறுமிதான் முதலில் சொன்னாள்: "பன்னெண்டு படம்."

படம்! முயலும் படம், கேரட்டும் படம். இந்தச் சொல் எனக்குத் தோன்றியிருக்காது.

கணக்கு என்றால் எண் மட்டும் இல்லை. பாட் ஹட்சின்ஸ் 1968-இல் போட்ட 'ரோசீஸ் வாக்' என்ற ஆங்கிலப் படக்கதை என்னிடம் இருக்கிறது. ஒரு கோழி நடந்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கு வீடு திரும்புகிறது, அவ்வளவுதான். பின்னாலேயே வருகிற நரியைப் பற்றி எழுத்தில் ஒரு வார்த்தை கிடையாது, படத்தில் மட்டும்தான். நான் தமிழில் சொல்லிக்கொண்டு போவேன்: முற்றத்துக்குக் குறுக்கே, குளத்தைச் சுத்தி, வைக்கப்போர் மேல ஏறி, மாவு மில்லைத் தாண்டி, வேலிக்குள்ள நுழைஞ்சு, தேன்பெட்டிக்கு அடியில. 'தாண்டி'யில் எப்போதும் தகராறு வரும். நம் ஊரில் குதித்தாலும் தாண்டுவதுதான், கடந்து போனாலும் தாண்டுவதுதான். பெஞ்சைப் போட்டு நடந்து காட்டச் சொல்வேன். திசையும் இடமும் காலில் ஏறின பிறகு சொல் தானாக வரும்.

ஜப்பானியர் மித்சுமாசா அனோ 1975-இல் போட்ட எண்ணும் புத்தகம் சுழியத்தில் ஆரம்பிக்கும். வெறும் பனியும் ஆறும், வேறொன்றும் கிடையாது. பனியே பார்க்காத பிள்ளைகள் கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தைத் தேடினார்கள். ஒருவன் கொட்டையைத் திரும்ப டப்பாவில் போட்டான்.

காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. பிரதம் புக்ஸ் என்ற பதிப்பகம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. இறக்கி அச்செடுத்துக்கொள்ளலாம், கறுப்பு வெள்ளை போதும். கொட்டை விஷயத்தில் மட்டும் கவனம்: மூன்று வயதுக்குள் இருக்கிற குழந்தை வாயிலும் மூக்கிலும் போட்டுக்கொள்ளும், அவர்களிடம் கொடுக்காதீர்கள்.

என் டப்பாவில் கொட்டை குறைந்துகொண்டே வந்தது. போன வாரம் வாசலில் ஒரு சிறுமியின் அம்மா என்னை நிறுத்தினார். காய்கறி மார்க்கெட்டில் தக்காளி தரம் பிரிக்கிறவர். வீட்டில் புத்தகம் எதுவும் இல்லை, பழனியில் வாங்கின காலண்டர்தான் உண்டு. "அதைக் கழட்டிப் பாயில போட்டு, ஆறுமுகச் சாமி கையில எல்லாம் கொட்டை வைக்கிறா டீச்சர். பன்னெண்டு வந்துச்சு. அப்புறம் மூஞ்சி மேலயும் வச்சா, ஆறுதான் வந்துச்சு. மிச்சக் கை யாரோடதுன்னு என்னையக் கேக்குறா. நான் என்ன சொல்லட்டும்?"